திருநெல்வேலிக்குக் குடி வாறியளா? ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுக்கு மொத வருஷ கைடு

சென்னையில இருந்தோ பெங்களூர்ல இருந்தோ ட்ரான்ஸ்ஃபர் கெடச்சு, இல்ல வயசான அப்பா அம்மாவ கூட இருந்து பாத்துக்கணும்னு, நெல்லைப் பக்கம் குடும்பத்தோட வர்றவங்க இப்ப நெறைய பேரு. வீட்டுல ரெண்டு பேருக்கும் வேலை, பள்ளிக்கூடம் போற பிள்ளைக, சாமான் எறக்குன மறுநாளே ஆபீஸ்ல நிக்கணும். அந்த மாதிரி வீட்டுக்குத்தான் இத எழுதுதேன். பெரிய ஊர்ல ஆப்ப வெச்சே எல்லாத்தையும் ஓட்டிப் பழகியிருப்பீங்க, இங்கயும் ஆப் இருக்கு, ஆனா வீடு ஓடுறது பால்காரர், பலசரக்குக் கடை அண்ணாச்சி, ஆட்டோக்காரர், பக்கத்து வீட்டு அக்கா இவங்களாலதான். வேலை ஜாஸ்தின்னு ஆட்களப் பழகுறத தள்ளிப் போடாதீங்க, நேரமில்லாத வீட்டுக்குத்தான் அது மொத வேலை.

வீடு தேட ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி ஆபீஸ் எந்தத் திசையில இருக்குன்னு பாருங்க. கங்கைகொண்டான் சிப்காட்னா வடக்க மதுரை ரோடு, தச்சநல்லூர் பக்கம் வசதி. அபிஷேகப்பட்டியில மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டின்னா பேட்டை, டவுன். கோர்ட்டு, காலேஜு, ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரின்னா பாளையங்கோட்டை. தூத்துக்குடி ரோட்டுல தெனம் போகணும்னா கேடிசி நகர். தெக்க நாங்குநேரி பக்கம்னா பெருமாள்புரம், வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டும் அங்கன இருந்து கிட்டக்கத்தான். மகேந்திரகிரி இஸ்ரோவுலயோ கூடங்குளத்துலயோ வேலைன்னா, ஜில்லா ஒண்ணுதானேன்னு பாளையில வீடு பிடிச்சிடாதீங்க, ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல போயிரும், வள்ளியூர், பணகுடி இல்லன்னா நாகர்கோவில் பாக்குறதுதான் ஒடம்புக்கு நல்லது. இன்னொண்ணு, ஜங்ஷன் டவுன் ஒரு பக்கம், பாளை ஒரு பக்கம், நடுவுல தாமிரபரணி. 1843ல கட்டுன சுலோச்சன முதலியார் பாலம் வழியாத்தான் இன்னைக்கும் பெருங்கூட்டம் ஆத்தக் கடக்குது, காலையில பள்ளிக்கூட நேரத்துல வண்ணார்பேட்டை வரைக்கும் வண்டி ஊர்ந்துதான் போகும். வீடு, ஸ்கூல், ஆபீஸ் மூணுல ரெண்டு எடமாவது ஆத்துக்கு ஒரே கரையில இருந்தா தெனம் அரை மணி நேரம் மிச்சம், நான் வாடகை ஆயிரம் ரெண்டாயிரம் கூடன்னாலும் அதைத்தான் எடுக்கச் சொல்லுவேன்.

அடுத்து தண்ணி, இதுல கொஞ்சம் பொறுமையா விசாரிங்க. கார்ப்பரேஷன் பைப்புல வர்ற ஆத்துத் தண்ணிதான் இங்க நல்ல தண்ணி, போர் தண்ணி நெறைய ஏரியாவுல உப்பு. வீடு காட்டுறவங்க "தண்ணிக்குப் பஞ்சமே கெடையாது"ன்னு சொன்னா அது போர் தண்ணியத்தான் சொல்லுதாங்க. நல்ல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்க வருது, எத்தன மணிக்கு, தொட்டிக்கு நேரா விழுதா இல்ல கொடத்துல பிடிக்கணுமா, ரெண்டு பேரும் ஆபீஸ்ல இருக்கும்போது தண்ணி வந்தா யாரு வால்வத் தொறப்பா, இது எல்லாத்தையும் கேளுங்க. வாயால கேட்டது போதாது, பாத்ரூம் குழாயத் தொறந்து சோப்புப் போட்டுக் கையக் கழுவிப் பாருங்க. நுரை சரியா வராம திரி திரியாப் போச்சுன்னா, குழாய் மூக்குல வெள்ளப் பொருக்கு கட்டியிருந்தா, வாஷிங் மெஷினும் ஹீட்டரும் எவ்வளவு நாள் தாங்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம். பிள்ளைகளுக்கு முடி கொட்டுதுன்னு வந்த புதுசுல நெறைய அம்மாமாரு கவலப்படுதாங்க, தலைக்கு மட்டும் நல்ல தண்ணி ஒரு வாளி எடுத்து வெச்சுக் குளிக்க வெச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியலாம்.

வெள்ளத்தப் பத்தி ஓனர்கிட்ட கேக்காதீங்க, எதுத்தாப்புல உள்ள டீக்கடையில கேளுங்க. 2023 டிசம்பர் 17, 18 ரெண்டு நாளும் பெஞ்ச மழையில காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டிச்சு, இங்க ஆறு கரை தாண்டி ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம்னு தண்ணி ஏறி நின்னுச்சு. 1992லயும் பெரிய வெள்ளம் வந்திருக்கு, வயசான ஆட்கள் அதையும் சொல்லுவாங்க. "டிசம்பர் வெள்ளத்துல இந்தத் தெருவுல எதுவரைக்கும் வந்துச்சு அண்ணாச்சி"ன்னு கேட்டா போதும், அவரு கையால முழங்காலயோ இடுப்பயோ தொட்டுக் காமிச்சிருவாரு. ஆத்தங்கரை மட்டுமில்ல, குளத்துக்குக் கீழ வயக்காடா கெடந்த எடத்துல மனை போட்டு வித்த நகர்கள்லயும் மழைக்குத் தண்ணி நிக்கும். புது வீடு, டைல்ஸ் பளபளன்னு இருக்கு, வாடகையும் கம்மி, அப்படின்னா இன்னும் ரெண்டு பேருகிட்ட கேட்டுட்டு அட்வான்ஸ் குடுங்க.

வெயிலும் சாதாரணமில்ல. வீட்ட மத்தியானம் மூணு மணிக்குப் போய்ப் பாருங்க, காலையில பாத்தா எல்லா வீடும் குளுகுளுன்னுதான் இருக்கும். மொட்டமாடிக்கு நேர் கீழ உள்ள போர்ஷன்னா சித்திரை வைகாசி ராத்திரி பன்னெண்டு மணிக்கும் செவரு சுடும். மேக்க பாத்த ஜன்னல் இருந்தா ஆனி ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்து நல்லா வரும், கூடவே புழுதியும் வரும், ரெண்டு வலை சட்டம் போட்டுக்கிட்டா சமாளிச்சிரலாம். டவுன்ல பழைய வளவு வீடுக, அதாவது ஒரே வாசலுக்குள்ள வரிசையா இருக்குற வீடுக, வாடகைக்கு வரும், தார்சா (முன்கட்டு), பட்டாசல் (கூடம்)னு நீளமா, ஓட்டு வீடா இருந்தா கோடையில ஏசி இல்லாமலே ஓட்டலாம், ஆனா வண்டி நிறுத்த எடம் இருக்காது, ஆனித் தேரோட்டம் சமயம் ரத வீதிப் பக்கம் வண்டியே உள்ள விட மாட்டாங்க. சின்னப் பிள்ளைகளும் கூடவே தாத்தா ஆச்சியும் இருக்குற வீட்டுக்கு வளவு எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம், ஒரு சத்தம் குடுத்தா நாலு வீட்டுக் கதவு தொறக்கும்.

வீடு முடிஞ்சா அக்ரிமென்ட் எழுத்துல போடுங்க. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில இருந்து அமல்ல இருக்கு, ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், பதிவும் பண்ணணும். அட்வான்ஸ் மூணு மாச வாடகைன்னு சட்டம் சொன்னாலும் ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா கூடவும் வாங்கலாம்னு இருக்கு, அதனால மூணு மாசத்தோட நிறுத்தச் சொல்லிக் கேக்குறதுல தப்பில்ல. கரன்ட்டுக்குத் தனி மீட்டர் இருக்கான்னு பாருங்க, ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், அது உங்களுக்குக் கெடைக்குமா இல்ல ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவுன்னு மொத்தமா வாங்குவாரான்னு மொதல்லயே பேசிடுங்க. இன்னொரு விஷயம், "நீங்க என்ன ஆளு"ன்னு சுத்தி வளைச்சுக் கேக்குற ஓனருக இன்னும் இருக்காங்க. அப்படிக் கேட்டுத்தான் வீடு குடுக்குற எடத்துல பிள்ளைகள வளக்க வேண்டாம்ங்கிறது என் எண்ணம், கேக்காம குடுக்குற வீடுகளும் இதே ஊர்ல நெறைய இருக்கு, ஒரு வாரம் கூடுதலா அலைஞ்சாலும் பரவால்ல.

பேப்பர் வேலைய சுருக்கமா சொல்லிடுதேன். கேஸுக்குப் பழைய ஊர்லயே சிலிண்டரயும் ரெகுலேட்டரயும் ஒப்படைச்சு ட்ரான்ஸ்ஃபர் வவுச்சர் வாங்கிட்டு வாங்க, அடுப்ப மட்டும் லாரியில ஏத்துங்க. ஆதார்ல அட்ரஸ் மாத்துறத மொதல்ல முடிங்க, அதை வெச்சு ரேஷன் கார்டு, பேங்க் எல்லாம் ஒண்ணொண்ணா மாத்திக்கலாம். ஓட்டுக்கு ஃபார்ம் 8. தமிழ்நாட்டு வண்டின்னா ஆர்சியில அட்ரஸ் மாத்துனா போதும், கேஏ நம்பர், அதாவது கர்நாடக வண்டின்னா அங்க என்ஓசி (ஆட்சேபணை இல்லைன்னு குடுக்குற சான்று) வாங்கிட்டு 12 மாசத்துக்குள்ள இங்க மறுபதிவு பண்ணணும், அந்த என்ஓசிய ஊரக் காலி பண்றதுக்கு முன்னாடியே அப்ளை பண்ணிடுங்க, பொறவு லீவு போட்டு அலையுறது பெரும்பாடு.

பள்ளிக்கூடம். பாளையங்கோட்டையில ரோட்டுக்கு ரோடு பள்ளிக்கூடம்தான், எல்லாம் பழைய ஸ்தாபனங்கள், பார்வையில்லாத பிள்ளைகளுக்கும் காது கேக்காத பிள்ளைகளுக்கும் நூறு வருஷத்துக்கு மேலா தனிப் பள்ளிக நடக்குற ஊர் இது, அந்தத் தேவை உள்ள குடும்பங்க நேர்ல வந்து ஒரு நாள் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஜூன்ல சேத்துக்கலாம்னு இருக்காதீங்க, பேர் உள்ள எடங்கள்ல அதுக்குள்ள சீட்டு முடிஞ்சிரும். டிசி வாங்கும்போது எமிஸ் நம்பரயும் (கல்வித் துறை பிள்ளைக்குக் குடுத்த அடையாள நம்பர்) குறிச்சு வாங்கிக்கோங்க. வெளி மாநிலத்துல படிச்ச பிள்ளைகன்னா தமிழ்தான் பெரிய கவலையா இருக்கும், 2006ல வந்த சட்டப்படி பத்தாம் வகுப்பு வரைக்கும் தமிழ் ஒரு பாடமா படிக்கணும், எந்தக் கிளாஸ்ல வந்து சேருற பிள்ளைக்கு என்ன ஏற்பாடுன்னு அட்மிஷன் அன்னைக்கே ஹெட்மாஸ்டர்கிட்ட நேரடியா கேளுங்க. வீட்டுல அதுக்குச் செய்ய வேண்டியது பெரிசா ஒண்ணுமில்ல, பஸ் போர்டு, கடை போர்டு, சுவர் விளம்பரம் எல்லாத்தையும் போற வழியில சத்தமா வாசிக்க வெச்சாலே நாலஞ்சு மாசத்துல தேறிருவாங்க.

இத எழுதாம விட மனசு வரல. நம்ம ஜில்லாவுல பள்ளிக்கூடப் பிள்ளைக கையில கலர் கலரா கயிறு கட்டுறது சும்மா அழகுக்கு இல்ல, அது சாதி அடையாளம். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில ஒரு பட்டியலின மாணவனையும் அவன் தங்கச்சியையும் கூடப் படிக்கிற பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டுன கொடுமைக்குப் பிறகுதான் அரசு நீதிபதி சந்துரு தலைமையில ஒரு நபர் குழு போட்டுச்சு, 2024 ஜூன்ல குடுத்த அறிக்கையில பள்ளிகள்ல இந்தக் கயிறு, மோதிரம், நெத்தி அடையாளம் எல்லாத்தையும் தடை பண்ணணும்னு சொன்னாரு. புதுசா வர்ற பிள்ளைக்கு இது எதுவும் தெரியாது, கூட்டாளி கட்டி விட்டான்னு சந்தோஷமா கட்டிட்டு வந்து நிப்பான். கோபப்படாம, மெரட்டாம, ஏன் அது வேண்டாம்னு வயசுக்குத் தக்கபடி எடுத்துச் சொல்லுங்க. ஸ்கூல் பாக்கப் போகும்போது பில்டிங்கப் பாக்குறதோட கிளாஸ் விட்டு வர்ற பிள்ளைக மணிக்கட்டயும் ஒரு தடவ பாருங்க, அந்த விஷயத்துல அந்த ஸ்கூல் எவ்வளவு அக்கறையா இருக்குன்னு தெரிஞ்சிரும்.

இனி அன்றாடம். காலை வெரசா தொடங்குற ஊர் இது, மகாராஜநகர் உழவர் சந்தைக்கு ஆறு மணிக்குப் போனா கீரை பனியோட இருக்கும், ஒம்பது மணிக்குப் போனா வாடுனதுதான். ஞாயித்துக்கெழம ஒரு நாள் போய் வாரத்துக்கான காய் வாங்கிட்டா போதும், மீதிக்குத் தெருவுல வர்ற வண்டி இருக்கு. மத்தியானம் சின்னக் கடைக நெறைய சாத்தியிருக்கும், லஞ்ச் பிரேக்ல ஓடிப் போய் வாங்கலாம்னு நெனைக்காதீங்க, சாயங்காலம் அஞ்சுக்கு மேலதான் ஊரு மறுபடி முழிக்கும். பலசரக்கு ஒரே கடையில வாங்குங்க. ஒரு மாசம் போனா உங்க வீட்டுக்கு எந்த அரிசி, எந்தப் பருப்புன்னு அண்ணாச்சிக்கே தெரிஞ்சிரும், போன் போட்டா பையன்கிட்ட குடுத்து விடுவாரு, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை சாவி இல்லாம நின்னா கடையில ஸ்டூல் போட்டு உக்கார வெச்சிருப்பாரு. சோத்துக்கு அம்பை 16 கேளுங்க, அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துல வந்த ரகம், கொஞ்சம் மோட்டா அரிசி, குழம்புச் சோத்துக்கு நல்லா ஒத்துப் போகும். குடிக்கத் தண்ணிக்குக் காருக்குறிச்சி மண்பானை ஒண்ணு, படுக்கப் பத்தமடைப் பாய் ரெண்டு, கோடைக்கு முன்னாடியே வாங்கிப் போட்டுருங்க.

சமையலுக்கு நேரமில்லாத காலையில கைகுடுக்குறது உளுந்தஞ்சோறுதான், ஹோட்டல் பார்சலுக்குப் போறதுக்கு முன்னாடி இத ஒருக்க செஞ்சு பாருங்க. தோல் உள்ள உடைச்ச கறுப்பு உளுந்து அரை கப்ப வெறும் சட்டியில வாசம் வர வறுத்துக்கணும், ஒரு கப் அரிசி, பத்துப் பன்னெண்டு பூண்டுப் பல்லு, ஒரு ஸ்பூன் வெந்தயம், கொஞ்சம் சீரகம், ஒரு கை தேங்காத் துருவல், உப்பு, நாலு கப் தண்ணி, எல்லாத்தையும் குக்கர்ல போட்டு நாலு விசில். எள்ளுத் தொவையல் ஞாயித்துக்கெழமையே அரைச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கலாம். டப்பாவுக்கும் இதுவே, இடுப்பு வலிக்குதுன்னு சொல்ற ஆச்சிக்கும் இதுவே. சொதி வேற விஷயம், அது அவசரத்துக்கு ஆகாது. தேங்காயில மூணு பால் எடுத்து, மூணாம் பாலுலயும் ரெண்டாம் பாலுலயும் காய வேக வெச்சு, வெந்த பாசிப்பருப்பு, இஞ்சிச் சாறு சேத்து, மொதப் பால ஊத்துன ஒடனே கொதிக்க விடாம எறக்கி, ஆறுன பொறவு எலுமிச்சம்பழம் பிழியணும். மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற குழம்பு அது. பக்கத்து வீட்டுல இருந்து ஒரு தூக்குல சொதி வந்துச்சுன்னா உங்கள அவங்க ஏத்துக்கிட்டாங்கன்னு வெச்சுக்கோங்க, அந்தத் தூக்க வெறுந்தூக்காத் திருப்பிக் குடுக்காதீங்க, நாலு பழமாவது போட்டுக் குடுங்க.

அக்கம்பக்கத்துல ரொம்பக் கேள்வி கேப்பாங்க. எந்த ஊரு, மாப்ளைக்கு எங்க வேலை, "பிள்ளைய யாரு பாத்துக்கிடுதா, சாப்டியளா, ஏன் மெலிஞ்சிட்டிய"ன்னு வரிசையா வரும். பெரிய ஊர்ல இருந்து வந்தவங்களுக்கு இது தொந்தரவாத் தெரியுது, ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடிதான் ஒத்தாசை வருது. வயசுல மூத்த ஆம்பளைய அண்ணாச்சின்னும் பொம்பளைய அக்கான்னும் கூப்டுங்க, ரொம்ப வயசானவங்கன்னா ஆச்சி. சொல்ல இஷ்டமில்லாதத சொல்லாம சிரிச்சிட்டு "நீங்க சாப்டியளா"ன்னு திருப்பிக் கேட்டாப் போதும், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

இந்த ஒத்தாசை உங்களுக்கு எப்ப அவசியமாகும்னா, லீவு நாள்ல. ஐப்பசி கார்த்திகையில மழை வலுத்தா கலெக்டர் காலங்காத்தால ஸ்கூல் லீவு அறிவிப்பாரு, உங்க ஆபீஸுக்கு லீவு இருக்காது. ஆனித் தேருக்கு உள்ளூர் விடுமுறை விடுவாங்க. பங்குனி உத்திரத்துக்கு அவங்கவங்க குலதெய்வ சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோட கெளம்பிருவாங்க, வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, எலக்ட்ரீஷியன், ஆட்டோக்காரர் ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. சித்திரையிலயும் ஆடியிலயும் ஊர் ஊருக்குக் கொடை, அதாவது ஊர்க் கோயில் திருவிழா, அதுக்கு மூணு நாள் லீவு கேட்டா மொகம் கோணாம குடுங்க, அது அவங்களுக்குத் தீபாவளிய விடப் பெரிசு, கூடவே ஒரு தொகையும் குடுத்தா மனசுல வெச்சிருப்பாங்க. உங்க தெருவுலயே கொடைன்னா வரி கேட்டு வருவாங்க, குடுங்க, ராத்திரி மேளமும் வில்லுப்பாட்டும் கேக்கத்தான் செய்யும், பிள்ளைகளக் கூட்டிட்டுப் போய் ஒரு மணி நேரம் முன்னாடி உக்காந்து பாருங்க. இந்த நாள்கள எல்லாம் வருஷ ஆரம்பத்துலயே காலண்டர்ல வட்டம் போட்டு, யாரு அன்னைக்கு வீட்டுல இருப்பா, முடியாட்டி பிள்ளை எந்த வீட்டுல இருக்கும்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசிருங்க. பதிலுக்கு அவங்க பிள்ளைகள ஒரு சனிக்கெழமை உங்க வீட்டுல வெச்சுப் பாத்துக்கோங்க.

ஒடம்புக்கு முடியலன்னா தனியார் ஆஸ்பத்திரிக வண்ணார்பேட்டையிலயும் ஐகிரவுண்ட் பக்கமும் நெறைய இருக்கு, பெரிய விஷயத்துக்கு ஐகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, சித்த வைத்தியம் நம்புறவங்களுக்குப் பாளையிலயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி. மழைக் காலத்துல காய்ச்சல் வந்தா மூணு நாள் பாப்போம்னு இருக்காதீங்க, டெங்கு இருக்கு, ஒடனே ரத்தம் பாத்துருங்க.

லீவு நாளுக்குப் பெருசாத் திட்டம் போட வேண்டாம். கொக்கிரகுளத்துல மாவட்ட அறிவியல் மையம் இருக்கு, அரை நாள் போகும். திருச்செந்தூர் ரோட்டுல கிருஷ்ணாபுரம் கோயில் சிலைக. தையில இருந்து கூந்தன்குளம், நாங்குநேரிப் பக்கம், பறவைக ஊருக்குள்ள வீட்டு மரத்துலயே கூடு கட்டியிருக்கும், ஊர்க்காரங்க பட்டாசு கூட வெடிக்காம பாத்துக்கிடுதாங்க, பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்க. குற்றாலம் இப்ப தென்காசி ஜில்லா, சீசன்ல சனி ஞாயிறு போனா கூட்டத்துலயே பாதி நாள் போயிரும், ஒரு வார நாள் லீவு போட்டு விடிய முன்னாடி போய்ட்டு வாங்க. பாபநாசம் பக்கம் போறதா இருந்தா புலிகள் காப்பகம், செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் விட மாட்டாங்க.

பிள்ளைக ஆத்துல எறங்க ஆசைப்படுவாங்க, எறக்குங்க, தாமிரபரணிக் கரையில இருந்துக்கிட்டு ஆத்த ஜன்னல்ல பாத்து வளரக் கூடாது. ஆனா ஊர்க்காரங்க குளிக்கிற படித்துறையில மட்டும், பெரியவங்க கூட. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆத்துக்குள்ளயே இருக்கு, வெள்ளம் வந்தா முங்கிப் போற கோயில், தண்ணி ஏறுதுன்னு தெரிஞ்சதும் உற்சவரத் தூக்கி மேலக்கோயிலுக்குக் கொண்டு போயிருவாங்க. அங்க காலையில குளிக்கிறவங்ககிட்ட எங்க பள்ளம், எந்தப் பக்கம் இழுக்கும்னு கேட்டுட்டு எறங்குங்க. மேக்க மழைன்னு செய்தி வந்துச்சுன்னா, இங்க வெயில் அடிச்சாலும் அன்னைக்கு ஆத்துப் பக்கம் போக வேண்டாம், அணை தொறந்தா தண்ணி மளமளன்னு ஏறும்.

கடைசியா ஊருக்குப் போய் வர்ற டிக்கெட். சென்னைக்கு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ், காலையில 2023 செப்டம்பர்ல விட்ட வந்தே பாரத், இது போக கன்னியாகுமரியில இருந்தும் நாகர்கோவில்ல இருந்தும் வர்ற வண்டிக. ஃப்ளைட் வேணும்னா தூத்துக்குடி வாகைக்குளம். ரயில்ல 60 நாளைக்கு முன்னாடிதான் புக்கிங் தொறக்குது, பொங்கல் தீபாவளிக்குப் போகணும்னா புக்கிங் தொறக்குற அன்னைக்குக் காலையில எட்டு மணிக்கே உக்காந்தாத்தான் கெடைக்கும், ரெண்டு பேரும் ஆளுக்கொரு போன்ல லாகின் பண்ணி வெச்சுக்கோங்க.